கூட்டிச் சொன்ன இரண்டு வினாடி

மக்கா,

உனக்கு வந்த தபால் ஒன்றை நான்கு நாட்களாக ஒளித்து வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு அதையும் வைத்து அனுப்புகிறேன். வியாழக்கிழமை பம்பாயிலிருந்து ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. மஸ்கட்டில் மூன்று வருஷத்துக்கு டீசல் மெக்கானிக் வேலைக்கு உன்னை எடுத்துக்கொண்டார்களாம், இந்த மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட்டோடு பம்பாய் ஆபீசுக்கு வந்து சேர வேண்டுமாம். போஸ்ட்மேனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்தான். பிரித்துப் படித்தவளும் நான்தான். படித்து முடித்ததும் பீரோவில் என் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். சாயங்காலம் அப்பா, "பயலுக்கு ஏதும் காயிதம் வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சனிக்கிழமை நீ மதுரையிலிருந்து எதிர்த்த மருந்துக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டாய். உன்னிடமும் இல்லை என்றேன். நீ, "சரிம்மா, நமக்குக் கெடைக்காது போல" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அதே சொல்லை உன் அப்பா வாயிலிருந்தும் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் காரணம் நான்தான். பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை இப்போது உனக்கு எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். என் கடிதங்களில் நீ கடைசிப் பத்தியை மட்டும் படிக்கிறவன் என்பது எனக்குத் தெரியும். போன மாதம் முறுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று நடுவில் எழுதியிருந்தேன், நீ பார்சல் ஆபீசுக்கே போகவில்லை, முறுக்கு நமுத்துப் போயிற்று. இந்த ஒரு தடவை முதலிலிருந்து படி.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் டிரில் டீச்சர். அந்தக் காலத்தில் சங்கரன்கோவிலில் ஸ்டாப் வாட்ச் என்று நான் பார்த்தது எங்கள் பெண்கள் பள்ளியில் இருந்த ஒன்றுதான், அதுவும் என் கழுத்தில்தான் தொங்கும். உன் அப்பா புளியங்குடிச் சந்தையிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிப் போகிற லாரி ஓட்டினார். அவருடைய முதலாளிக்கு நான்கு டீசல் லாரிகள். அந்த லாரி ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்ட வண்டிகளை வெறும் வண்டியாகக் கரிவலம் ரோட்டுக்கு ஓட்டிப் போவார்கள். கிலோமீட்டர் கல் நட்ட பிறகும் அங்கே பழைய பர்லாங்குக் கற்களைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். முதல் கல்லில் கிளம்பினால் அடுத்த கல் ஒரு பர்லாங்கு, அதற்கு அடுத்த கல் இரண்டு பர்லாங்கு, அதாவது கால் மைல். நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைலை யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார் என்பதுதான் பந்தயம். ரோடு அகலம் பத்தாது, ஒவ்வொரு வண்டியாகத்தான் விட முடியும். அதனால் கடிகாரம் தேவைப்பட்டது. இரவல் கேட்டார்கள். பள்ளிக்கூடச் சாமானை யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று நானே போய் நின்றேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் விசிலும் கடிகாரமுமாக ஒரு பொம்பளை. "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்று முதலாளியே பக்கத்தில் வந்து நிற்பார். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

பந்தயத்துக்கு முன்னால் டிரைவர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். பஸ்ஸும் மாட்டு வண்டியும் போகிற ரோட்டில் கால் மைல் தூரம் ஆளில்லாமல் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு பர்லாங்குதான் கிடைக்கும். அதை ஓட்டிவிட்டு வந்து, "டீச்சர், இப்படிப் போனா கால் மைலுக்கு எவ்வளவு ஆவும்?" என்று கேட்பார்கள். முதல் வருஷம் நான் இரண்டால் பெருக்கிச் சொல்லி எல்லோர் முன்னாலும் அசடு வழிந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெருக்கல் சரி. நூறு மீட்டரைப் பதினைந்து வினாடியில் ஓடுகிறவள் இருநூறை முப்பத்திரண்டில் ஓடுவாள், பின்பாதியில் மூச்சு வாங்கும். லாரி அதற்கு நேர் எதிர். கிளம்பும்போது முக்கி முனகி ஊர்ந்து, போகப் போகத்தான் அதற்கு உயிர் வரும். இருபது ஓட்டங்களை நோட்டில் குறித்துப் பார்த்த பிறகு எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. முதல் பர்லாங்குக்கு ஆன நேரம், அதோடு அதில் பாதி, அதோடு இன்னும் இரண்டு வினாடி. இவ்வளவுதான். அடுத்த வருஷம் நான் ஒரு பர்லாங்கைப் பார்த்துச் சொன்ன நேரமெல்லாம் பந்தயத்தில் அப்படியே வந்தது. அதற்குப் பிறகு ஷெட்டில் என் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. 'டீச்சர் கணக்கு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த இரண்டாவது வருஷப் பந்தயத்தில் உன் அப்பா இல்லை. வேறொரு ஷெட்டில் நெடுந்தூர லாரி ஓட்டுகிற ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது, அவருக்குப் பதிலாக அப்பா இரண்டு மாதம் வடக்கே போயிருந்தார். உனக்கு அப்போது மூன்று வயது. கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் தாடியும் மீசையுமாக வந்து வாசலில் நின்றார். நீ ஓடி வந்து என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "எம்மா, ஒரு மாமா வந்திருக்காவ" என்றாய். அப்பா சிரித்துக்கொண்டே ஒரு தகர பஸ் பொம்மையை நீட்டினார். நீ வாங்கிக்கொண்டு, "மாமா தந்தாவ" என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாய். அவர் அதை ஷெட்டில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தங்கை என் வயிற்றில் நான்கு மாதம்.

திரும்பி வந்தவருக்கு அடுத்த ஆயுத பூஜையில் ஜெயித்துவிட வேண்டும் என்று ஆசை. மார்கழி முழுக்க ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கரிவலம் ரோட்டுக்குப் போவோம், அந்நேரம் கால் மைலும் காலியாகக் கிடக்கும். ஒரு ஓட்டத்துக்கு நான் பர்லாங்குக் கல்லில் நிற்பேன், அடுத்த ஓட்டத்துக்குக் கால் மைல் கல்லில். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மற்ற டிரைவர்கள் பர்லாங்குக் கல்லைக் கடக்கும்போது வண்டி மூன்றாவது கியரில் அலறிக்கொண்டு போகும். கல்லுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் சத்தம் அடங்கும், டாப் கியர் விழும். உன் அப்பா வண்டியில் அந்தச் சத்தம் கல்லுக்கு முன்பே அடங்கிவிடும். ஏன் இவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "டீசல் வண்டிட்டி இது. ஒரு அளவுக்கு மேல மிதிச்சா கத்தும், ஓடாது. கத்த விட்டு என்ன செய்ய?" என்றார். எத்தனை வினாடி என்று சொல்லட்டுமா என்றால், "கணக்கு ஒன் பாடு, கியர் என் பாடு. பந்தயத்தன்னைக்குச் சொல்லு, போதும்" என்று கையை ஆட்டிவிடுவார்.

நான் கூட்டிச் சொல்கிற அந்த இரண்டு வினாடி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. டாப் கியர் மாற்ற இரண்டு தடவை கிளச்சை மிதிக்க வேண்டும், அதற்குள் வண்டி இழுவை இல்லாமல் சும்மா உருளும். மற்றவர்களுக்கு அந்த நேரம் இரண்டாவது பர்லாங்கில் போகிறது. உன் அப்பாவுக்கு முதல் பர்லாங்கிலேயே போய்விடுகிறது. ஒரு பர்லாங்கை மட்டும் பார்த்தால் அவர் பிந்தித்தான் தெரிவார். ஆனால் இரண்டாவது பர்லாங்கைச் சரியாக முதலாவதில் பாதி நேரத்தில் கடந்துவிடுவார். அவருக்கு மட்டும் அந்த இரண்டைக் கூட்டக் கூடாது. நோட்டில் சிவப்பு மையில் அப்படியே எழுதினேன். ஆயுத பூஜை அன்று எல்லோரும் வாயைப் பிளக்கப் போகிறார்கள் என்று எனக்குள் ஒரே பெருமை.

தை மாதம் முதலாளி புது லாரி வாங்கினார். ஐதராபாத், நாக்பூர் என்று நெடுந்தூரம் எலுமிச்சை ஏற்றிப் போகிற வண்டி. மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்க முடியாது. அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அந்த வண்டியைக் காட்டினார். பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத ஓட்டணும்ட்டி. ஒரே வண்டி, ஒரே ரோடு, அப்படியே போய்ட்டே இருக்கணும்" என்று என்னிடம் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் எனக்கு இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். நீ அந்தப் புது லாரியின் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அந்த வண்டிக்கு அப்பாவும் செல்லத்துரை என்ற இன்னொரு டிரைவரும் போட்டி. கியரைக் கையாளுவதில்தான் டிரைவர் தெரியும், கால் மைல் ஓட்டிக் காட்டட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மாதத்தில் இருபது நாள் ரோட்டிலேயே இருக்கப் போகிறவனைக் கால் மைலில் அளக்கலாமா என்று நீ கேட்பாய். அரை மணி நேரம் பெண் பார்த்துவிட்டு ஐம்பது வருஷத்துக்கு முடிச்சுப் போடுகிற ஊர் இது, அவரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும். குறித்த நாள் காலையில் ரோட்டுக்குப் போனால், பர்லாங்குக் கல்லைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலிருந்து ரோடு முழுக்கச் சோளக் கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று விடிவதற்குள் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதன்மேல் வேகமாகப் போனால் வண்டி வழுக்கிவிடும். முதலாளி கதிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு பர்லாங்கு போதும்வே. மிச்சத்த டீச்சர் கணக்குப் போட்டுச் சொல்லிருவாவ" என்றார்.

இருவரும் ஒரே வண்டியைத்தான் ஓட்டினார்கள். செல்லத்துரை கல்லைக் கடந்தபோது வண்டி அலறியது. இருபத்து மூன்று வினாடி. உன் அப்பா வந்தபோது கல்லுக்கு முன்பே சத்தம் அடங்கிவிட்டது. இருபத்து நான்கு. நான் பர்லாங்குக் கல்லின் மேல் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன். செல்லத்துரைக்கு இருபத்து மூன்று, பாதி பதினொன்றரை, கூட இரண்டு, முப்பத்தாறரை. உன் அப்பாவுக்கு இருபத்து நான்கு, பாதி பன்னிரண்டு, முப்பத்தாறு. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அப்பா பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறேன் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. நான் இரண்டைக் கூட்டினேன். "முப்பத்தெட்டு" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை, மக்கா. பிள்ளைகளுக்கு லெப்ட் ரைட் சொல்கிற குரலிலேயே சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். கோவில் வாசல் வந்தபோது, "நமக்குக் கெடைக்காது போல. கை மெதுவாயிட்டு" என்றார். நான், எல்லாம் நல்லதுக்குத்தான் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் பந்தயத்தில் ஓடவேயில்லை. "இளவட்டப் பயலுவ ஓடட்டும்" என்றார். அப்போது அவருக்கே முப்பத்திரண்டு வயதுதான். அவர் ஓடியிருந்தால் என் குட்டு உடைந்திருக்கும், ஓடாததால் நான் தப்பித்தேன். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், இடது கால் தரையில் இரண்டு தடவை மிதிக்கும், கை காற்றில் கியரைத் தள்ளும். எங்கே பிந்துகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். செல்லத்துரை ஊருக்கு வரும்போதெல்லாம் நாக்பூர் ஆரஞ்சு கொண்டுவருவார். நீயும் உன் தங்கையும் தின்று தீர்ப்பீர்கள். அப்பா அவரை உட்கார வைத்து ஒவ்வொரு ஊராகக் கேட்பார். அந்த ஏற்றத்தில் எந்தக் கியர், அந்த ஆற்றுப் பாலம் எவ்வளவு நீளம், எங்கே டீ நன்றாக இருக்கும். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவு கேள்விகளை அவர் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

உனக்கு என்ன கிடைத்தது என்பது உனக்கே தெரியும். ஆறு மணிக்கு எலுமிச்சை வாசனையோடு வருகிற அப்பா கிடைத்தார். தெருமுனைக்கு ஓடுவாய். ஆறு வயதில் வீட்டுக்குள் இருந்தபடியே, போகிற லாரியின் சத்தத்தைக் கேட்டு இதற்கு இன்ன கோளாறு என்பாய், அப்பா வாசலில் எட்டிப் பார்த்து ஆமா என்பார். உன் தங்கை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றவரும் அவர்தான். அந்தச் சாயங்காலங்களுக்காக நான் வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். வருத்தம் ஒன்றுக்குத்தான். ஷெட்டிலேயே நன்றாக ஓட்டிய மனிதர், தன் கை மெதுவானது என்று பதினெட்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். அப்படி நம்ப வைத்தவள் நான்.

இப்போது உனக்கும் ஒரு கணக்குப் போட்டேன். மதுரைக்கு வேலைக்குப் போன முதல் மாதம் நான்கு தடவை ஊருக்கு ஓடி வந்தாய். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. துண்டை மறந்துவிட்டேன் என்று ஒரு தடவை வந்தாய், மதுரையில் துண்டு கிடைக்காதது போல. அந்த ஒரு மாதத்தை வைத்து, இவன் மஸ்கட்டில் மூன்று வருஷம் தாங்க மாட்டான், காகிதத்தை மறைப்பது அவனுக்குத்தான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து நீ தீபாவளிக்கும் ஆடித்தபசுக்கும் மட்டும்தான் வருகிறாய், அதுவும் மறுநாளே பஸ் ஏறிவிடுகிறாய். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வேண்டாததை விட்டுவிட்டுக் கணக்குப் போட எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கு நாளைக்கு ஒருத்தி வருவாள், பிள்ளைகள் பிறக்கும். அவர்களைப் பற்றி நீயும் இப்படிக் கணக்குப் போடுவாய். போடாதே என்று சொல்ல மாட்டேன், போடாமல் யாராலும் இருக்க முடியாது. போட்டதை அவர்களிடம் காட்டிவிடு, அது போதும்.

இன்று காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பின்கட்டில் சைக்கிள் செயினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் உன் பம்பாய்க் காகிதத்தைக் கொடுத்தேன். வாசித்தார், தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மற்றதைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். சொல்லி முடித்ததும், "ரெண்டு வினாடியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்பம் முப்பத்தாறுதானா நான்?"

"முப்பத்தாறுதான்."

துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். நான் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் எதிரில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, போவாண்டாம்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா. நானே போயிருக்க மாட்டேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். உனக்கு எழுதுகிறேன் என்றேன். "அவன் போவட்டும்னு நான் சொன்னதா எழுது. ஒனக்கு என்ன தோணுதோ அதையும் எழுது" என்றார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன்.

இது என்னுடையது. போக வேண்டாம், மக்கா. நீ இங்கேயே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. உன் நன்மைக்காக ஒன்றுமில்லை, எனக்காகத்தான் கேட்கிறேன். நான்கு நாளைக்கு முன்பே இப்படிக் கேட்டிருக்க வேண்டியது. கேட்டதால் நீ இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. போகிறேன் என்று எழுதினாலும் உன் பெட்டியை நான்தான் அடுக்குவேன். அழத்தான் செய்வேன், அதைப் பார்த்து நீ நின்றுவிடாதே.

உன் அம்மா